351 என்று சொன்னால் போதாது: ஃபோர்டின் மூன்று வி8களில் எதை வாங்குவது?

பழைய ஃபோர்டு கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் யாராவது "ஒரு 351 இருக்கு, வேணுமா?" என்று கேட்டால், விலை கேட்பதற்கு முன் "எந்த 351?" என்று கேளுங்கள். 351 என்பது கன அங்குலத்தில் சொல்லும் இன்ஜின் அளவு; அதே எண்ணில் விண்ட்சர், க்ளீவ்லேண்ட், 351எம் என்று மூன்று வி8 இன்ஜின்கள் உண்டு. "351தான், ஃபோர்டு 351" என்று பதில் வந்தால் அவருக்கும் தெரியாது என்று அர்த்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு நாமே குனிந்து பார்க்க வேண்டியதுதான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். க்ளீவ்லேண்ட் என்று சொல்லி ஒருவர் விற்ற இன்ஜினை வாங்கி வந்து, மஸ்டாங்கிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸை அதன் பின்னால் வைத்துப் பார்த்தால், பெல் ஹவுசிங்கின் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் உறையின்) போல்ட் துளைகள் பொருந்தவே இல்லை. வந்திருந்தது 351எம். விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். வால்வு கவரில் (இன்ஜினின் மேல் மூடியில்) எட்டு போல்ட் இருந்தது, அதனால் அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

குழப்பம் அந்த எண்ணிலேயே தொடங்குகிறது. மூன்று 351களுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 3.5 அங்குலம். எட்டு சிலிண்டருக்கும் கணக்குப் போட்டால் 351.86 கன அங்குலம் வரும். நியாயமாக 352 என்று அழைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணில் ஃபோர்டிடம் 1958 முதலே எஃப்இ குடும்பத்து இன்ஜின் ஒன்று இருந்தது, அதற்கும் கிட்டத்தட்ட இதே போர், இதே ஸ்ட்ரோக். ஒரு பெயர் மோதலைத் தவிர்த்தவர்கள், 351 என்ற பெயரை மட்டும் மூன்று இன்ஜின்களுக்கு வைத்துவிட்டார்கள். லிட்டரில் சொன்னால் மூன்றுமே 5.8.

முதலாவது 351 விண்ட்சர். டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் விண்ட்சர் நகரத் தொழிற்சாலையில் தயாரானதால் அந்தப் பெயர். 1969 மாடலில் வந்தது. 289, 302 ஆகிய சிறிய வி8களின் அண்ணன், அதே அமைப்பில் உயரமான பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்படை வார்ப்பு). இரண்டாவது 351 க்ளீவ்லேண்ட். ஒஹையோவின் க்ளீவ்லேண்டில் தயாரானது, அமெரிக்காவில் 1970 முதல் 1974 வரை மட்டும். வடிவமைப்பிலேயே இது வேறு குடும்பம். மூன்றாவது 351எம், 1975 முதல் 1982 வரை. க்ளீவ்லேண்டின் உயரமான தம்பி என்று ஒன்று 1971 முதலே இருந்தது, அதன் பெயர் 400. அந்த 400இன் பிளாக்கில் குறைந்த ஸ்ட்ரோக் கிராங்க்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைப் போட்டதுதான் 351எம். 'எம்' என்றால் மாடிஃபைடு என்று ஒரு கட்சி, மிச்சிகன் என்று இன்னொரு கட்சி. பொழுது போகாதவர்கள் இதை வைத்து ஒரு மாலை முழுக்கச் சண்டை போடலாம்.

எங்கே பார்க்க வேண்டும்

பானெட்டைத் திறந்தவுடன் வால்வு கவரின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்காதீர்கள். ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், நிறத்தையும் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். இன்ஜினின் முன்பக்கம்தான் பொய் சொல்லாது.

டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) முன்னால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செவ்ரலே சின்ன பிளாக்காக இருந்தால் அது பின்னால், ஃபயர்வாலை ஒட்டி நிற்கும். இந்தக் காலத்து ஃபோர்டு வி8களில் முன்னால். இது மற்றக் கம்பெனிகளை ஒதுக்க உதவும், அவ்வளவுதான். மூன்று 351களையும் இதை வைத்துப் பிரிக்க முடியாது.

அடுத்து ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்ஜினில் எங்கே போய் மாட்டுகிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் எல்லா அடையாளங்களிலும் இதுதான் ராஜா. விண்ட்சரில் அந்த ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டின் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் வார்ப்பின்) முன்முனைக்கே போகும். தெர்மோஸ்டாட் உறை மேனிஃபோல்டிலிருந்து முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சூடான தண்ணீர் ஹெட்டிலிருந்து (பிளாக்கின் மேல் உட்காரும், வால்வுகள் உள்ள வார்ப்பிலிருந்து) மேனிஃபோல்டுக்குள் ஏறி, அங்கிருந்து வெளியே வருகிறது. க்ளீவ்லேண்டிலும் 351எம்மிலும் மேனிஃபோல்டுக்குள் தண்ணீரே கிடையாது. தெர்மோஸ்டாட் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும், அதன் உறை மேல் நோக்கி நிற்கும். அழுக்கும் எண்ணெயும் படிந்து போல்ட் எண்ண முடியாத இன்ஜினில்கூட இது தெரியும்.

அதே இடத்தில் நின்றபடி டைமிங் செயின் மூடியையும் பாருங்கள். விண்ட்சரில் அது தனியாக வார்த்த அலுமினியப் பெட்டி, வாட்டர் பம்ப் அதன் மேல் உட்காரும். க்ளீவ்லேண்ட் குடும்பத்தில் பிளாக்கின் வார்ப்பே முன்னால் நீண்டு செயினைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். அதை மூட ஒரு தட்டையான இரும்புத் தகடு போதும்.

இதற்கெல்லாம் பிறகுதான் வால்வு கவர் போல்ட். விண்ட்சருக்கு ஆறு, க்ளீவ்லேண்ட் குடும்பத்துக்கு எட்டு. எல்லோரும் முதலில் சொல்லித் தருவது இதைத்தான், நான் ஏமாந்ததும் இதனால்தான். எட்டு போல்ட் என்றால் க்ளீவ்லேண்ட் பாணி ஹெட் என்று மட்டுமே பொருள். கீழே இருக்கும் பிளாக் எது என்று அது சொல்லாது. 1969, 1970 மாடல்களில் வந்த பாஸ் 302 அப்படித்தான்: பிளாக் விண்ட்சர் வகை, ஹெட் க்ளீவ்லேண்ட் வகை. அதே யோசனையில் வீட்டு கராஜில் கலந்து கட்டிய இன்ஜின்களும் சுற்றுகின்றன, அவற்றுக்கு 'க்ளீவர்' என்று பட்டப்பெயரே உண்டு. ஐந்து போல்ட் கண்டால், வால்வு கவரின் ஒரு பகுதி இன்டேக் மேனிஃபோல்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆம் என்றால் அது 352, 390, 428 எல்லாம் சேர்ந்த எஃப்இ குடும்பம். இந்தக் கட்டுரையின் ஆள் இல்லை.

சரி, ஆறு போல்ட் இருக்கிறது, ஹோஸ் மேனிஃபோல்டுக்குப் போகிறது. அது 351 விண்ட்சர்தானா, இல்லை 302ஆ? இங்கேயும் பலர் வழுக்குகிறார்கள். பிளாக்கின் உயரம், அதாவது கிராங்க்கின் மையத்திலிருந்து ஹெட் உட்காரும் தளம் வரை, 302இல் 8.206 அங்குலம், 351 விண்ட்சரில் 1971க்குப் பிறகு 9.503. ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும், தனியாக நின்றால் தெரியாது. அப்போது சாக்கெட்டை எடுங்கள். ஹெட் போல்ட்டுகளின் கீழ்வரிசை வால்வு கவருக்கு வெளியேதான் இருக்கும். முக்கால் அங்குல சாக்கெட் உட்கார்ந்தால் அரை அங்குல போல்ட், 351 விண்ட்சர். 5/8 அங்குல சாக்கெட் உட்கார்ந்தால் 302. ஓடும் வண்டியாக இருந்தால் ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) துப்பு தரும்: 351க்கு 1-3-7-2-6-5-4-8, பழைய 302க்கு 1-5-4-2-6-3-7-8. 1980களில் வந்த எச்ஓ (கூடுதல் திறன்) வகை 302க்கும் 351இன் ஆர்டரையே கொடுத்துவிட்டார்கள், அதனால் இதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

க்ளீவ்லேண்டா 351எம்மா என்பதுதான் உண்மையான தலைவலி. ஹெட் ஒன்று, முன்பக்கம் ஒன்று, போல்ட் எண்ணிக்கை ஒன்று, ஃபயரிங் ஆர்டரும் ஒன்று. வித்தியாசம் உயரத்தில்: க்ளீவ்லேண்ட் 9.206 அங்குலம், 351எம்மும் 400உம் 10.297. உயரம் கூடினால் இரண்டு ஹெட்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், அதனால் மேனிஃபோல்டும் அகலமாகும். ஆனால் இன்ஜினின் பின்பக்கத்தைப் பார்ப்பதுதான் சுலபம். க்ளீவ்லேண்டின் பெல் ஹவுசிங் துளைகள் 302, 351 விண்ட்சர் ஆகியவற்றோடு பொருந்தும். 351எம், 400 இரண்டின் துளைகள் 429, 460 என்ற பெரிய இன்ஜின்களோடு பொருந்தும். மிக அரிதான சில 400 பிளாக்குகள் விதிவிலக்கு, அவை உங்கள் வழியில் வந்தால் அதிர்ஷ்டம்தான். விற்பவரிடம் சின்ன பிளாக்கின் (302 குடும்பத்தின்) பழைய இடைத்தகடு, அதாவது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வரும் தகடு, ஒன்று இருந்தால் பின்னால் வைத்துப் பாருங்கள், இரண்டே நிமிட வேலை. அமெரிக்காவில் 1975க்குப் பிறகு வார்த்த, எட்டு போல்ட் கவர் கொண்ட 351 என்றால் யோசிக்கவே வேண்டாம், அது எம்தான்.

ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பிளாக்கில் இரண்டு வகைக் குறிகள் வார்த்திருப்பார்கள். ஒன்று பாகத்தின் எண், டி2ஏஇ போல. 'சி' என்றால் 1960கள், 'டி' என்றால் 1970கள், அடுத்த இலக்கம் ஆண்டு, கடைசி 'இ' இன்ஜின் பிரிவு. ஆனால் இது அந்தப் பாகத்தை வடிவமைத்த ஆண்டு. 1972இல் எண் பெற்ற பிளாக்கை 1974இலும் வார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது குறிதான் வார்த்த நாள்: 2சி18 என்று இருந்தால் 1972, மார்ச், 18. ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி என்று போகும், 'ஐ' எழுத்தை மட்டும் தாண்டிவிடுவார்கள். பத்தாண்டு எது என்பதைப் பாக எண்ணிலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

காரின் வின் எண்ணையும் (ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண்) பாருங்கள், முழுக்க நம்பாதீர்கள். ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். 1970 மஸ்டாங்கில் அது 'எச்' என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் கொண்ட 351. அந்த ஆண்டு அதே 'எச்' எழுத்தோடு விண்ட்சரும் வந்தது, க்ளீவ்லேண்டும் வந்தது. ஆவணம் கச்சிதமாக இருந்தும் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன வேறுபாடு

க்ளீவ்லேண்டின் புகழ் முழுக்க அதன் ஹெட்டில்தான் இருக்கிறது. விண்ட்சரில் வால்வுகள் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே கோணத்தில் நிற்கும். க்ளீவ்லேண்டில் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குச் சாய்ந்திருக்கும். அப்படிச் சாய்த்ததால் பெரிய வால்வு வைக்க இடம் கிடைத்தது. விண்ட்சரின் இன்டேக் வால்வு 1.84 அங்குலம், க்ளீவ்லேண்ட் 4விக்கு 2.19. இங்கே ஒரு எச்சரிக்கை: ஃபோர்டு பேச்சில் 2வி, 4வி என்றால் சிலிண்டருக்கு எத்தனை வால்வு என்று அர்த்தமில்லை, கார்புரேட்டருக்கு எத்தனை வென்சுரி (காற்று போகும் குழல்) என்று அர்த்தம். ஹெட்டின் மூலையில் 2 அல்லது 4 என்று வார்த்திருக்கும், வால்வு கவரைக் கழற்றாமலே தெரியும். வாங்கப் போகும்போது அதையும் தேடுங்கள்.

4வி ஹெட்டைப் பார்த்தால் ஆசை வரும். இன்டேக் போர்ட் 2.5 அங்குல உயரம், 1.75 அங்குல அகலம். குழந்தையின் கை உள்ளே போய்விடும். 1971 மஸ்டாங்கின் பாஸ் 351க்கு அந்த ஹெட்தான், 330 குதிரைத்திறன். (அந்தக் காலத்து 'கிராஸ்' கணக்கு அது, துணைக் கருவிகளைக் கழற்றிவிட்டு அளந்தது. 1972 முதல் 'நெட்' கணக்குக்கு மாறிவிட்டார்கள். இரண்டு ஆண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இன்ஜின் ஒரே இரவில் செத்துவிட்டது போலத் தோன்றும்.) ஆனால் அவ்வளவு பெரிய போர்ட்டில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வேகத்தில் காற்று சோம்பேறித்தனமாகத்தான் நகரும். 4வி உயிர்பெறுவது டாக்கோமீட்டர் முள் பாதியைத் தாண்டிய பிறகு. தெருவில் ஓட்டுவதற்கு 2வி ஹெட்டே தேவலை, அதன் குறை வேறு. அமெரிக்க 2வியின் எரிஅறை திறந்த வடிவம், கம்ப்ரெஷன் குறைவு, அதைக் கூட்டப் போனால் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்து எழும் தட்டல்) வரும். ஆஸ்திரேலியாவில் ஜீலாங் தொழிற்சாலையில் ஃபோர்டு தயாரித்த 302 க்ளீவ்லேண்டில்தான் சின்ன போர்ட்டும் மூடிய எரிஅறையும் ஒன்றாக அமைந்தன. அமெரிக்காக்காரர்கள் அந்த ஹெட்டைக் கப்பலில் வரவழைத்தது இதற்காகத்தான்.

இனி க்ளீவ்லேண்டின் பலவீனம். லிஃப்டர்களுக்கு (வால்வுகளைத் தள்ளும் பாகங்களுக்கு) எண்ணெய் கொண்டுபோகும் வழியிலிருந்தே மெயின் பேரிங்குகளுக்கும் எண்ணெய் பிரிய வேண்டியிருக்கிறது. விண்ட்சரில் பேரிங்குகளுக்குத் தனி வழி உண்டு. சாதாரண ஓட்டத்துக்கு இது பிரச்சினையே இல்லை. தொடர்ந்து உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓட்டினால்தான் பேரிங் பட்டினி கிடக்கும். ரேஸுக்குக் கட்டுகிறவர்கள் எண்ணெய் வழியைச் சுருக்கும் ரெஸ்ட்ரிக்டர், பெரிய எண்ணெய்த் தொட்டி என்று செலவு செய்கிறார்கள். சிலிண்டர் சுவரும் தடிமனில் தாராளம் இல்லை. 0.030 அங்குலத்துக்கு மேல் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் முன் சுவரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட் விஷயம் சின்னதுதான், ஆனால் எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறது. க்ளீவ்லேண்ட் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு குழல் இருக்கும். சூடேறித் திறக்கும்போது அந்தக் குழல் கீழே இறங்கி, பிளாக்கில் உள்ள பைபாஸ் ஓட்டையை மூடும். கடைக்காரர் விண்ட்சருக்கு உரியதைக் கொடுத்துவிட்டால் அதுவும் அழகாகப் பொருந்தும், ஆனால் ஓட்டை மூடாது. சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றிவரும். புது ரேடியேட்டர், புது ஃபேன், புது பம்ப் என்று மாற்றிவிட்டு, கடைசியில் 'க்ளீவ்லேண்ட் என்றாலே சூடாகும்' என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

விண்ட்சரின் ஹெட் பழைய நிலையில் சுமார் ரகம், மறுக்க முடியாது. ஆனால் 302இன் ஹெட்டுகள் போல்ட் துளையைப் பெரிதாக்கினால் அதில் உட்காரும். இந்த ஒரு விஷயமே கணக்கை மாற்றிவிடுகிறது. 302ஐ 2001 வரை தயாரித்தார்கள், 351 விண்ட்சர் 1990களின் பிற்பகுதி வரை டிரக்குகளில் வந்தது. 1995 மஸ்டாங் கோப்ரா ஆர் காரில்கூட இதே 5.8தான். அதனால் புதிய அலுமினிய ஹெட், மேனிஃபோல்டு, கேம், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்று எதைக் கேட்டாலும் கடையில் கிடைக்கிறது. நல்ல அலுமினிய ஹெட் போட்ட விண்ட்சருக்கு முன் பழைய க்ளீவ்லேண்ட் ஹெட்டின் பெருமை பாதி கரைந்துவிடும். 4.030 போரும் 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்கும் போட்டால் அதே பிளாக் 408 கன அங்குலமாகிறது. 3 அங்குல மெயின் ஜர்னல் கிராங்க்கையும் உறுதியாகத் தாங்கும்.

351எம்மைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கம்ப்ரெஷன் 8க்கு 1 என்ற அளவில், புகைக்கட்டுப்பாட்டுக்காக கேம் டைமிங்கை (வால்வுகள் திறக்கும் நேரத்தை) சில டிகிரி தாமதப்படுத்தி, ஏறக்குறைய 260 கிலோ எடையில் வந்த இன்ஜின். 302ஐவிட ஐம்பது கிலோ கூட. மிச்சிகன் வார்ப்பாலையில் 1977 தொடக்கத்துக்கு முன் வார்த்த பிளாக்குகளில் லிஃப்டர் பகுதியில் விரிசல் விழுவதும் தெரிந்த குறை. வாங்கும் முன் அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்து பாருங்கள், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

யாருக்கு எது

உங்கள் கார் பிறக்கும்போதே க்ளீவ்லேண்டோடு பிறந்திருந்தால், 1971 மஸ்டாங், டி டொமாசோ பாண்டேரா, ஆஸ்திரேலிய ஃபால்கன் எக்ஸ்ஒய் போல, வேறு எதையும் யோசிக்காதீர்கள். அந்த இன்ஜினைச் சரிசெய்வதே காரின் மதிப்புக்கு நல்லது. ஃபால்கன் ஜிடி-எச்ஓ ஃபேஸ் த்ரீயில் ஆலன் மாஃபட் 1971இல் பாதர்ஸ்ட் ரேஸில் ஜெயித்தது இந்த இன்ஜினை வைத்துத்தான். ஆனால் ஒன்று: அதற்கு முந்தைய 1969 ஃபேஸ் ஒன் (எக்ஸ்டபிள்யூ மாடல்) விண்ட்சர் 351. எக்ஸ்டபிள்யூ ஃபால்கனை ஆஸ்திரேலியாவில் வாங்கப் போகிறவர்கள் மேல் ஹோஸைப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

பிறவி இன்ஜின் எப்போதோ போய்விட்டது, ஓட்டி மகிழத்தான் கார் என்றால், விண்ட்சர். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. 1965, 1966 மஸ்டாங்காக இருந்தால் அதுவும் வேண்டாம், 302 போதும். அந்தக் காரின் ஷாக் டவர்களுக்கு (இன்ஜினின் இருபுறமும் ஷாக் அப்சார்பரைத் தாங்கும் மேடுகளுக்கு) நடுவே இடம் குறுகல், 351ஐ நுழைத்துவிடலாம், ஆனால் பிளக் மாற்றும் ஒவ்வொரு முறையும் விரல் தோல் போகும்.

கலவை இன்ஜின், அதாவது விண்ட்சர் பிளாக்கில் க்ளீவ்லேண்ட் ஹெட், செய்யலாம். ஹெட் போல்ட்டுகள் பொருந்தும். தண்ணீர் வழியை அடைத்து வேறு இடத்தில் துளைக்க வேண்டும், மேனிஃபோல்டும் அதற்கென்று தனியாக வேண்டும். முன்பு விண்ட்சருக்கு நல்ல ஹெட் கிடைக்காத காலத்தில் இதற்கு அர்த்தம் இருந்தது. இன்று ஆசைக்குச் செய்யலாம், சிக்கனத்துக்காகச் செய்ய முடியாது.

1977 முதல் 1979 வரையான எஃப்-150 டிரக்கோ, 1978, 1979 ப்ராங்கோவோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு பதில். ப்ராங்கோவுக்கு அந்த இரண்டு ஆண்டும் 351எம், 400 இரண்டே வாய்ப்புதான். மவுண்ட், பெல் ஹவுசிங் எல்லாம் அப்படியே இருக்க, 351எம்மை எடுத்துவிட்டு 400ஐப் போடுங்கள். வெளியே இரட்டைப் பிள்ளைகள், உள்ளே 400க்கு அரை அங்குலம் ஸ்ட்ரோக் அதிகம், இழுவை அதிகம். ஹெட்டைக் கழற்றிய நிலையில் வாங்குவதாக இருந்தால், பிஸ்டனை அடிவரை இறக்கி அளவுகோலை விடுங்கள். 4 அங்குலத்துக்கு இறங்கினால் 400, 3.5இல் நின்றால் எம். தாமதமில்லாத டைமிங் செயின் செட்டையும் அப்போதே மாட்டிவிட்டால் தூங்கிக்கொண்டிருந்த இன்ஜின் எழுந்து உட்காரும்.

என் 351எம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரு டிரக்காரருக்கு விற்றேன், வாங்கிய விலைக்குக் குறைவாகத்தான். வால்வு கவரில் எட்டு போல்ட் இருப்பதைக் காட்டி "க்ளீவ்லேண்டா?" என்று கேட்டார். பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினேன்.